டின் மீன் பறிமுதல்: ஒரு ஜெலுத்தோங் மளிகைக் கடையிலிருந்து

மளிகைக் கடை வைத்திருப்பவர்கள், காலையில் நாசி லெமாக்கும் சார்டின் கறிபாப்பும் விற்கும் ஒட்டுக்கடைக்காரர்கள், முதியோர் இல்லங்களுக்கும் கஷ்டப்படும் குடும்பங்களுக்கும் உணவுக்கூடை கட்டிக் கொடுக்கும் சங்கத்தார், இந்த மூன்று தரப்பையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கெட்டுப்போன டின் மீன் கடைசியில் போய்ச் சேரும் இடங்கள் இவைதான். பேரங்காடியில் ஒரு டின் உப்பியிருந்தால் அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்கலாம். கூடையில் கட்டி வந்த டின்னை வாங்கிக்கொள்ளும் பாட்டிக்கு அந்த வசதி இல்லை.

எங்கள் கடை பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறது. மாமனார் தொடங்கியது. இப்போது நானும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறோம். அரிசி, பருப்பு, மசாலைக்கு அடுத்தபடி எங்களிடம் ஓடுவது டின் மீன். மழையில் பாசாருக்குப் போக முடியாதவர், இரவு ஷிப்ட் முடிந்து வருபவர், பிள்ளைகளுக்கு அவசரமாக ஏதாவது சமைக்க வேண்டியவர் எல்லாரும் கை நீட்டி எடுக்கிற பொருள். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், சம்பளம் போடுவதற்கு முந்திய வாரத்துச் சாப்பாடே சார்டின் சம்பல்தான் என்று. காசில்லாத நாளில் ஒருவர் நம்பி வாங்கும் பொருளில் ஏமாற்று நடந்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. கூடைகளுக்கு ஆர்டர் வர ஆரம்பித்துவிட்ட நேரம். சுகாதார இலாகா அதிகாரிகள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். ஒருவர் மலாய்க்காரர், மற்றவர் நம் தமிழ்ப் பெண். எங்கள் மேல் யாரும் புகார் கொடுத்திருக்கவில்லை. பிறை பக்கம் உள்ள ஒரு மொத்த வியாபாரியின் கிடங்கைச் சோதித்தபோது கிடைத்த பில்களைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சரக்கு எந்தெந்தக் கடைக்குப் போனதோ அங்கெல்லாம் அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். “புவான், இன்வோய்ஸ் அடா?” என்பதுதான் அந்த மலாய் அதிகாரி கேட்ட முதல் கேள்வி. பில் கோப்பு கல்லாவுக்குக் கீழேயே இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். அன்று எங்களைக் காப்பாற்றியது அந்தக் கோப்பு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் பெண் அதிகாரி அலமாரியிலிருந்து ஒரு டின்னை எடுத்துக் கவிழ்த்தார். அடித்தகட்டில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை ஸ்டிக்கர். அதில் காலாவதித் தேதி, இன்னும் ஒன்றரை வருடம் தள்ளி. “அக்கா, இதக் கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க” என்றார். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, அவசரப்படாமல் உரித்தார். பசை தகரத்தை விடாமல் நூல் நூலாக இழுபட்டது. அடியில் கறுப்பு மையில் புள்ளி புள்ளியாக அடித்த எழுத்து. யாரோ தின்னர் போட்டுத் துடைத்திருந்தார்கள், ஆனால் மை முழுக்கப் போகவில்லை. டின்னைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தபோது மாதமும் வருடமும் தெரிந்தன. அந்தத் தேதி எப்போதோ கடந்திருந்தது.

ஸ்டிக்கர் ஒட்டிய டின் எல்லாமே திருட்டு டின் என்று நினைத்துவிட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் டின்னில் மலேசிய இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் எந்த நாட்டுப் பொருள் என்பதும் இருக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள் சொல்கின்றன. தாய்லாந்திலோ சீனாவிலோ அச்சடித்த லேபிளில் அது இல்லாவிட்டால், இங்கே இறக்கிய பிறகு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அது முறையான வேலை. நீங்கள் பார்க்க வேண்டியது ஸ்டிக்கர் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை. வெறும் இடத்தில் இருந்தால் சரி. தொழிற்சாலை அடித்த தேதியையோ தயாரிப்பு எண்ணையோ மறைத்துக்கொண்டிருந்தால் அந்தப் பெட்டியை உள்ளே இறக்கவே விடாதீர்கள். இன்னொரு வழியும் அவர்களிடம் கற்றேன்: அட்டைப்பெட்டியின் பக்கத்தில் அச்சாகியிருக்கும் தயாரிப்பு எண்ணை, உள்ளே இருக்கும் டின்னின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. எங்கள் கடையில் பெட்டி ஒன்று சொன்னது, டின் வேறொன்று சொன்னது. பழைய டின்னைப் புதுப் பெட்டியில் மாற்றி அடுக்கியிருந்தார்கள்.

அடுத்தது விரல் சோதனை. மலாய் அதிகாரி டின்னை மேசையில் நிற்க வைத்து, மூடியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினார். நல்ல டின்னின் இரண்டு முனையும் தட்டையாக, சற்று உள்வாங்கி இருக்கும். உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி அடைத்திருப்பதால் அழுத்தினாலும் அசையாது. அவர் எடுத்த டின்னோ ‘டொக்’ என்று உள்ளே போனது. உடனே மறுமுனை வெளியே தள்ளியது. இன்னொன்று கையை எடுத்ததும் திரும்ப உப்பிக்கொண்டது. வேறொன்று கல்லு மாதிரி இறுகிப்போய் அழுத்தவே முடியவில்லை. மூன்றும் ஒரே கோளாறின் வெவ்வேறு கட்டங்கள் என்று விளக்கினார். உள்ளே வாயு சேர ஆரம்பித்தால் முதலில் ‘டொக்’ சத்தம், பிறகு உப்பல், கடைசியில் இறுக்கம். இறுகின டின்னைத் திறக்கப் போனால் முகத்தில் பீச்சியடிக்கும். வாயு கிருமியாலும் வரும், தக்காளி சாஸின் புளிப்பு தகரத்தை அரிப்பதாலும் வரும். எது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் உப்பிய டின் எதுவானாலும் குப்பைக்குத்தான்.

உப்பாத டின்னெல்லாம் நல்ல டின் என்றும் சொல்ல முடியாது. வாயு வராமலே உள்ளிருப்பதைப் புளிக்க வைக்கும் கிருமிகள் உண்டு. சூட்டைத் தாங்கி உயிர் பிழைக்கும் அவற்றின் வித்துகள், டின் சாதாரண வெப்பத்தில் இருக்கும்வரை சும்மா கிடக்கும். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி வேகும் இடத்தில் பெருக ஆரம்பித்துவிடும். நம் ஊரில் பகல் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்கு அடியில் கை வைத்துப் பாருங்கள், தெரியும். எங்கள் கடையின் பின்கட்டும் தகரக் கூரைதான். இப்போது டின் சரக்கு முழுவதையும் கீழ்த்தளத்தில், சுவரை ஒட்டாமல், பலகை மேல் அடுக்குகிறோம்.

அந்தச் சரக்கில் இன்னொரு பொய்யும் இருந்தது. முன்பக்கம் பெரிய எழுத்தில் சார்டின் என்று போட்டு மீன் படமும் இருந்தது. பின்பக்கம் பொருட்கள் பட்டியலில் பொடி எழுத்தில் மெக்கரல். நாம் கெம்போங் என்று வாங்கும் மீனின் சொந்தக்கார மீன் அது. சாப்பிடுவதற்கு ஒரு குறையும் இல்லாத நல்ல மீன். எங்கள் கடையிலேயே மெக்கரல் என்று வெளிப்படையாகப் பெயர் போட்ட டின்கள் நிறைய விற்கின்றன. வாங்குபவர் எதற்குக் காசு கொடுக்கிறாரோ அது உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் ஆட்கள் தக்காளி சாஸில் வரும் எந்த டின் மீனையும் ‘சார்டின்’ என்றே கேட்பதால் இந்த ஏமாற்று சுலபமாக நடந்துவிடுகிறது.

எந்த மீனை சார்டின் என்று அழைக்கலாம் என்பதற்கு நாடுகளே வழக்காடியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் தன் கடற்பகுதியில் கிடைக்கும் ஒரே ஓர் இனத்துக்குத்தான் அந்தப் பெயர் என்று சட்டம் போட்டது. பெரு நாடு தன் பசிபிக் மீனை ‘பெரு சார்டின்’ என்று விற்க விடவில்லையே என்று உலக வர்த்தக அமைப்புக்குப் போய், 2002ஆம் ஆண்டில் வென்றது. அனைத்துலக உணவுத் தரக் குழுவான கோடெக்ஸின் விதியும் அதையே சொல்கிறது: சார்டின் வகை மீன்கள் பல உண்டு, நாட்டின் பெயரையோ இனத்தின் பெயரையோ சேர்த்துச் சொன்னால் போதும். மெக்கரல் அந்தப் பட்டியலில் இல்லை.

சீனப் புத்தாண்டுக்கு அபலோன் டின் வாங்கி விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விலை கூடிய சரக்கு. சிலி நாட்டுக் கடலில் கிடைக்கும் லோக்கோ என்ற நத்தை அபலோன் மாதிரியே இருக்கும், விலையில் பெரிய வித்தியாசம். டின்னின் முகப்பை நம்பாமல் பொருட்கள் பட்டியலைப் படியுங்கள். மீன் துண்டுகள் வடிகட்டிய பிறகு எவ்வளவு எடை என்பதையும் பாருங்கள். மொத்த எடையில் பாதி உப்புத் தண்ணீராக இருக்கும் டின்களை நான் பார்த்திருக்கிறேன்.

பறிமுதல் எப்படி நடக்கிறது என்பது பல கடைக்காரர்களுக்குத் தெரியாது. அதிகாரி வந்தாலே பதறிப்போய் வாக்குவாதம் செய்கிறார்கள், அல்லது சரக்கைப் பின்வாசல் வழியாகக் கடத்தப் பார்க்கிறார்கள். 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் அவர்களுக்குக் கடைக்குள் வரவும் சோதிக்கவும் மாதிரி எடுக்கவும் சரக்கைப் பறிமுதல் செய்யவும் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதிகார அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், அது உங்கள் உரிமை. எங்களிடம் அவர்களே முதலில் காட்டினார்கள். பறிமுதல் செய்த ஒவ்வொன்றையும் பெட்டி வாரியாக எழுதி ஒரு பிரதியைக் கையில் கொடுத்தார்கள். அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எண்ணிக்கையை நீங்களே எண்ணிப் பாருங்கள். பிராண்ட், அளவு, தயாரிப்பு எண் எல்லாம் சரியா என்று பாருங்கள். பின்னால் மொத்த வியாபாரியிடம் காசு கேட்கும்போது அந்தத் தாள்தான் பேசும்.

சோதனைக்கு எடுக்கும் மாதிரியை மூன்று பங்காகப் பிரித்து சீல் வைப்பார்கள். ஒன்று அரசாங்கப் பகுப்பாய்வாளருக்கு, ஒன்று அவர்களிடம் இருக்கும், ஒன்று கடைக்காரருக்கு. அந்த மூன்றாவது பங்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வழக்கு என்று வந்தால் நீங்கள் தனியாகச் சோதித்துப் பார்க்க உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அது. உடனே ஏற்றிக்கொண்டு போகாத பெட்டிகளைக் கடையிலேயே சீல் வைத்துவிட்டுப் போனார்கள். “சீல் வெச்சத நகர்த்தக்கூட வேணாம் அக்கா, இடம் பத்தலன்னா எங்களக் கூப்பிடுங்க” என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனார். தீபாவளிக் கூட்டத்தில் அந்தப் பெட்டிகள் வழியை அடைத்துக்கொண்டுதான் இருந்தன. இருந்தாலும் ஒருவரும் கை வைக்கவில்லை. சீலைத் தொடுவது தனிக் குற்றம்.

தண்டனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடல்நலத்துக்குக் கேடான பொருள் கலந்த உணவைத் தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் சட்டத்தின் 13ஆவது பிரிவில் 100,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பொய்யான லேபிளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ‘நான் வாங்கி விற்றேன், எனக்கென்ன தெரியும்’ என்று வாயால் சொல்வது எடுபடாது. அதைக் காகிதத்தில் காட்ட முடிந்தால் எடுபடும்.

அதனால்தான் பில்லைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். யாரிடமிருந்து எப்போது என்ன வாங்கினோம் என்று காட்ட முடிந்த கடைக்காரருக்கும், லோரியிலிருந்து ரொக்கத்துக்கு இறக்கிக்கொண்ட கடைக்காரருக்கும் அதிகாரிகள் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. மாமனார் காலத்துப் பழக்கம் எங்களிடம் அப்படியே இருக்கிறது: விற்பவரின் பெயர், முகவரி, கம்பெனிப் பதிவு எண் அச்சாகாத பில்லை வாங்கமாட்டோம். இப்போது அதோடு பிராண்டும் தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்கிறோம். ஒரு சேல்ஸ்மேன், “இதெல்லாம் யாரும் கேக்கறதில்லக்கா” என்றார். எழுதாவிட்டால் எடுக்கமாட்டோம் என்றோம். எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுக்க மறுத்து, விலையை இன்னும் குறைக்கிறேன் என்று இறங்கி வருபவர் வந்தால் அதுவே போதுமான பதில்.

விற்றுப்போன டின்களை என்ன செய்வது என்பது அன்று மாலை எங்களுக்கு வந்த பெரிய கவலை. கைகொடுத்தது 555 புத்தகம். பாக்கி வைத்து வாங்குபவர்களின் கணக்கு நாள் வாரியாக அதில் இருந்தது. வீட்டுக்காரர் ஒவ்வொருவராக போன் போட்டார். மற்றவர்களுக்காக டின்னின் படத்தோடு ஒரு அட்டை எழுதிக் கல்லா முன்னால் ஒட்டினேன். எந்த டின், எந்த எண், திருப்பிக் கொடுத்தால் முழுக் காசு, பில் வேண்டாம் என்று. சிலர் கடைப் பெயர் கெடும் என்றார்கள். ஒருவரும் எங்களை விட்டுப் போகவில்லை. அடுத்த தெருவில் கறிபாப் போடும் அக்கா ஒரு பெட்டி வாங்கியிருந்தார். பாதி திறந்து மசித்துவிட்டிருந்தார். அவ்வளவையும் கொட்டினார். அந்தக் காசையும் சேர்த்தே மொத்த வியாபாரியிடம் கேட்டோம்.

நன்றாகக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆபத்தான நம்பிக்கை. சார்டின், மெக்கரல், டூனா போன்ற மீன்களைப் பிடித்த பிறகு ஐஸில் போடாமல் வெயிலில் விட்டால், அதன் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. ஒருமுறை உண்டாகிவிட்டால் தொழிற்சாலைச் சூட்டிலும் அது அழியாது, உங்கள் குழம்புச் சட்டியிலும் அழியாது. டின் பார்க்க அழகாக இருக்கும், தேதியும் சரியாக இருக்கும், வாசனையும் வராது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், தலை வலிக்கும், வாய் எரியும், உடம்பில் தடிப்பு வரும். மிளகு கடித்த மாதிரி நாக்கில் ஒரு சுருக்கென்ற எரிச்சல் இருந்தால் துப்பிவிடுங்கள். ‘பிள்ளைக்கு மீன் ஒத்துக்காது’ என்று முடிவு கட்டிவிடும் பல வீடுகளில், ஒத்துக்கொள்ளாதது அந்த டின்னாக இருக்கலாம். கோடெக்ஸ் வரம்பு ஒரு கிலோ மீனுக்கு 200 மில்லிகிராம். இதைக் கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை, ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். அரசாங்கச் சோதனை ஏன் வேண்டும் என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று போட்டுலினம் நச்சு. இது காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமியிலிருந்து வருவது. அதன் வித்தைக் கொல்லத்தான் டின் மீனை நடுப்பகுதி வரை 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 3 நிமிடம் வேகும் கணக்கில் சூடாக்குகிறார்கள். தொழிற்சாலை ஒழுங்காக இருந்தால் அபாயம் மிகக் குறைவு. ஆனால் டின்னில் ஒரு துளை விழுந்தால் அத்தனை சூடும் வீண். 1982இல் அலாஸ்காவில் அடைத்த சால்மன் டின்னைச் சாப்பிட்டு பெல்ஜியத்தில் ஒருவர் இறந்தார். டின்னை வடிவமைக்கும் எந்திரம் குத்திய, கண்ணுக்குத் தெரியாத துளைதான் காரணம். பல கோடி டின்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நெளிந்த டின்னை நான் ஏன் கழித்துக்கட்டுகிறேன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். உடம்பில் லேசான பள்ளம் பரவாயில்லை. மூடியும் உடம்பும் சேரும் விளிம்பில் நெளிந்திருந்தால், அல்லது கூர்மையாக மடிந்து விரல் பதியும் அளவு பள்ளம் இருந்தால், பாதி விலைக்குக்கூட விற்காதீர்கள். இந்த நச்சுக்கு வாசனையோ சுவையோ கிடையாது, அதனால் நாக்கில் தொட்டுப் பார்த்து முடிவு செய்வது கூடவே கூடாது. சாப்பிட்டவருக்குப் பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தால், இமை தொங்கினால், பேச்சு குழறினால், விழுங்க முடியாமல் போனால், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். டின்னையும் எடுத்துப் போங்கள்.

வீணாகப் பயந்து தூக்கிப் போடுவதும் உண்டு. டூனா, சால்மன், நண்டு டின்களில் கண்ணாடித் துண்டு மாதிரி ஒன்று கிடக்கும். மீனிலேயே இருக்கும் தாது உப்பு இறுகிப் படிகமானது அது. சூடான வினிகரில் போட்டால் கரைந்துவிடும், கண்ணாடி கரையாது. உட்சுவரில் கறுப்புப் படிவதும் பெரும்பாலும் மீனின் கந்தகம் தகரத்தோடு சேர்வதால்தான். ஆனால் டூனாச் சதை தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தால் மீன் அடைப்பதற்கு முன்பே கெட்டிருக்கிறது என்று அர்த்தம், அதைச் சாப்பிட வேண்டாம்.

புழு விஷயம் பலருக்கு நினைவிருக்கும். 2018 மார்ச்சில் இந்தோனேசியாவின் உணவு மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 27 பிராண்ட் மெக்கரல் டின்களில் ஒட்டுண்ணிப் புழு இருப்பதாக அறிவித்தது. அடுத்த மாதமே சீனாவிலிருந்து வந்த சார்டின் டின்களில் செத்த புழுக்கள் இருந்ததால் நம் சுகாதார அமைச்சு இரண்டு பிராண்டுகளைத் திரும்பப் பெறச் சொன்னது. ஜொகூர் நுழைவாயிலில் சோதித்த அதிகாரிகள்தான் கண்டுபிடித்தார்கள். அந்த மாதம் எங்கள் கடையில் ஒருவரும் டின் மீன் பக்கம் திரும்பவில்லை. நல்ல பிராண்டுகளுக்கும் சேர்த்து அடி விழுந்தது. ஒருவர் செய்யும் திருட்டுத்தனத்துக்கு ஒழுங்காக வியாபாரம் செய்பவரும் விலை கொடுக்கிறார்.

பினாங்கில் இருப்பவர்களுக்கென்று இரண்டு விஷயம். தாய்லாந்து எல்லை நமக்குப் பக்கம். பாடாங் பெசார் வழியாகப் பையில் வரும் டின்களில் தேதி புத்த ஆண்டில் இருக்கும். 2568 என்று பார்த்தால் இன்னும் ஐந்நூறு வருடம் இருக்கிறது என்று சிரிக்காமல் 543ஐக் கழியுங்கள்: 2025. அந்த நாட்டுச் சந்தைக்காக அடைத்த டின்னில் மலேசிய இறக்குமதியாளரின் பெயர் இருக்காது. வீட்டுக்கு வாங்கிச் சாப்பிடுவது உங்கள் விருப்பம், கடையில் வைத்து விற்க முடியாது.

மற்றது வெள்ளம். 2017 நவம்பர் 4, 5ஆம் தேதி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனை கடைச் சரக்கு சாக்கடைத் தண்ணீரில் மிதந்தது என்று. வெள்ளத்தில் ஊறிய டின்னின் காகித லேபிள் கழன்றுவிடும். விளிம்பு மடிப்புக்குள் அழுக்குத் தண்ணீர் போய்த் துரு பிடிக்கும். அதை அள்ளிக்கொண்டு போய்க் கழுவி, புது லேபிள் ஒட்டி, ‘ஸ்டாக் கிளியரன்ஸ்’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். பளபளப்பான புது லேபிள், விளிம்பில் துரு என்று இரண்டும் ஒரே டின்னில் இருந்தால் அதை வாங்காதீர்கள். துணியால் துடைத்தால் போகும் துரு வேறு. நகத்தால் சுரண்டினால் குழி விழும் துரு வேறு, அந்த டின் முடிந்துபோன டின்.

கூடை கட்டுபவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நேரத்தில் எத்தனையோ சங்கங்கள் வீடு வீடாக உணவுக்கூடை கொடுத்தன. ஒவ்வொரு கூடையிலும் சார்டின் இருந்தது. நல்ல மனசோடு செய்தவர்கள்தான் எல்லாரும். அந்த மனசைத்தான் சில வியாபாரிகள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ‘தர்மத்துக்குத்தானே, அடக்க விலைக்கே தருகிறேன்’ என்று காலாவதி நெருங்கிய சரக்கை, நெளிந்த சரக்கை அங்கே தள்ளிவிடுகிறார்கள். பளபளக்கும் தாளில் சுற்றி ரிப்பன் கட்டிய பிறகு யாரும் டின்னைக் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. முதியோர் இல்லத்தில் இருப்பவரின் உடம்பு நம் உடம்பு மாதிரித் தாங்காது. கூடையைச் சுற்றுவதற்கு முன் ஒருவர் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு டின்னையும் கவிழ்த்துப் பார்த்து, அழுத்திப் பார்த்து, ஓரத்தைத் தடவிப் பார்த்து அனுப்பட்டும். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இதைச் சொல்லிக்கொடுக்கலாம். எங்கள் கடையில் கூடை ஆர்டர் எடுக்கும்போது இப்போது வாங்குபவரையே நிறுத்திவைத்து இதைச் செய்கிறோம்.

மொத்த வியாபாரி காசைத் திருப்பித் தர நாள் கடத்தினார். பறிமுதல் தாளின் பிரதி, பில், நாங்கள் வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்த பட்டியல் மூன்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிய பிறகுதான் கிரெடிட் நோட், அதாவது அடுத்த சரக்கில் கழித்துக்கொள்ளும் சீட்டு, வந்தது. ரொக்கமாகத்தான் வேண்டும் என்று நின்று வாங்கினோம். தராவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழியில் போவது என்று தீர்மானித்திருந்தோம். 5,000 ரிங்கிட் வரையான தொகைக்கு வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். வீட்டுக்கு வாங்கி ஏமாந்தவர்களுக்கு அதைவிடச் சுலபமான வழி பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்.

புகார் யாரிடம் என்பதில் குழப்பம் வேண்டாம். டின் உப்பியிருக்கிறது, புழு, நாற்றம், தேதி மாற்றம், சாப்பிட்டு உடம்புக்கு முடியவில்லை என்றால் உங்கள் மாவட்டச் சுகாதார அலுவலகம். எடையில் ஏமாற்று, விலை, போலி ஹலால் முத்திரை என்றால் உள்நாட்டு வாணிப அமைச்சு, எண் 1800-886-800. மலாயில் எழுதத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள். 1969இலிருந்து இயங்கும் சங்கம், தமிழில் பேசி உதவுகிறார்கள்.

புகாருக்குக் கொண்டுபோகும் டின்னைக் கழுவாதீர்கள், லேபிளைக் கிழிக்காதீர்கள். திறந்துவிட்டிருந்தால் பிளாஸ்டிக் பையில் கட்டி, வேறு சாப்பாட்டில் படாமல் குளிர்பெட்டியில் வைத்து, அன்றே கொண்டுபோங்கள். திறக்காத உப்பிய டின்னை வெயிலில் வைக்காமல், பிள்ளைகள் கை படாத இடத்தில், இரண்டு பைக்குள் போட்டு வையுங்கள். மேல்மூடி, அடித்தகடு, லேபிளின் நான்கு பக்கம் என்று தெளிவாகப் படம் எடுங்கள். அதே தயாரிப்பு எண்ணில் திறக்காத டின் இன்னொன்று வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். ஆய்வுக்கூடத்துக்கு அதுதான் மிகவும் உதவும் என்று அந்தப் பெண் அதிகாரி சொன்னார்.